கோரைக்கிழங்கில் விஷமில்லை

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டது உன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லத்தான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, கீழ்பென்னாத்தூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிசுக்காகத் திருவண்ணாமலைக்கு வந்து போகிறார், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். நீ சிரித்தாய். "என்னைக் கொல்லப் பார்த்தவராச்சேம்மா அவரு" என்றாய். உன் பெண் பக்கத்தில் இருந்திருக்கிறாள். யார், என்ன என்று கேட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே நீ அவளுக்குக் கதை சொன்னாய். அப்பாவுக்கு ஏழு வயதில் கிராமத்திலிருந்து ஒரு தாத்தா கோரைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார், அது விஷக் கிழங்கு, அப்பாவுக்கு வாயில் நுரை தள்ளிவிட்டது, பாட்டிதான் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார். "அதனாலதான் ஊர்ல யார் எது குடுத்தாலும் வாங்கித் தின்னக்கூடாது" என்று முடித்தாய். குழந்தை சரி என்றது. நான் லைனிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நுரை தள்ளவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நுரை நான் பிற்பாடு சேர்த்தது. உன் பத்தாவது வயதிலோ என்னவோ, யாரோ விருந்தாளிகளிடம் சொல்லும்போது கதைக்கு இன்னும் கொஞ்சம் பயம் வேண்டியிருந்தது, சேர்த்தேன். நீ அதைக் கேட்டுக் கேட்டு, நேரில் பார்த்தது போலவே நம்பிவிட்டாய். மீதியையும் இப்போது சொல்லப்போகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது ஆறுதல் சொல்வாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதிவிட்டால் பின்னால் மாற்றிப் பேச முடியாது.

நான் எப்படிப்பட்டவளாக இந்தக் குடும்பத்துக்குள் வந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேலூரில் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள். கைக்குட்டையை எப்படி மடிப்பது, விருந்தாளி எழுந்தால் கூடவே எழுவது, ஸ்பூன் பீங்கானில் சத்தமிடாமல் கலக்குவது, எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அதில் தவறில்லை. அதெல்லாம் தெரியாதவர்கள் ஒரு படி கீழே இருப்பவர்கள் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன். உன் அப்பா சர்வேயர், அரசாங்க உத்தியோகம், அதனால் என் வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய மனிதர்கள் எல்லாரும் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்தவர்கள். வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, அவர்கள் வந்து உட்காரும் நாற்காலியைக்கூட நான் தனியாக வைத்திருந்தேன். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். அவர்கள் கவனித்திருப்பார்கள்.

கோரைக்கிழங்கு உன் அப்பா பிறந்த வீட்டில் வெறும் தின்பண்டம் இல்லை. உன் அப்பாவும் சித்தப்பாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து மழை இல்லை. வற்றிப்போன ஏரியின் மணல் தரையில் கோரைப்புல் காய்ந்து கிடக்கும். அதன் அடியில் வேர்க்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் சின்னதாக, கறுப்புத் தோல் போர்த்திய கிழங்குகள் இருக்கும். களைக்கொத்தால் கிளறி, முறத்தில் புடைத்து, மணலில் வறுத்தால் சாப்பாடு. நாட்டு மருந்துக் கடையில் வாசனைப் பொடிக்கு விற்கிறார்களே, அது இதன் கசப்பான பங்காளி. ஏரியில் கிடைப்பது இனிப்பாக இருக்கும். அந்த இரண்டு வருடக் கோடையிலும் அந்த வீட்டில் ஆறு பேர் அதைத் தின்று உயிரோடு இருந்தார்கள். அதற்கப்புறம் நெல் விளைந்த வருடங்களிலும், உன் அப்பா உத்தியோகத்துக்குப் போன பிறகும், கோடையில் ஒரு நாள் அண்ணனும் தம்பியும் ஏரிக்குள் இறங்கித் தோண்டுவார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். எல்லாருக்கும் அந்தக் கிழங்குதான். கல்யாணமான வருடம் உன் அப்பா என்னையும் கூட்டிப்போனார். நான் குடை பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் படித்தேன். இலையில் வைத்து நீட்டியபோது வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உன்னையும் நான் அனுப்பவில்லை. வெயில், மண், பாம்பு என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நீ வராததால், உனக்கு ஏழு வயதான வருடம் சித்தப்பா உன்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வறுத்த கிழங்கைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வந்தார். அவருக்கென்று நான் வைத்திருந்த நாற்காலியில் உட்காரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் நாலைந்து கிழங்கை வைத்துத் தேய்த்து எப்படி ஊதினால் தோல் பறக்கும் என்று காட்டினார். நீ ஊதிய வேகத்தில் கிழங்கும் சேர்ந்து பறந்தது. "தோல ஊதுடான்னா கெழங்கயே ஊதிட்டியே, உங்கொப்பன் மாதிரி" என்று அவர் சொன்னார். உன் அப்பா உள்ளேயிருந்து சிரித்தார். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு சந்தோஷம் நடந்துகொண்டிருந்தது.

பிரிட்ஜில் கஸ்டர்ட் இருந்தது. வெள்ளிக்கிழமை என்னோடு படித்த ஒருத்தி வந்தாள் என்று செய்தது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து விடியும்வரை கரண்ட் இல்லை. ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தபோது லேசாக ஒரு வாடை அடித்தது. கொட்டியிருக்க வேண்டும். சர்க்கரையும் நாலு சொட்டு அன்னாசி எசென்ஸும் சேர்த்துக் கலக்கினேன். உன்னை உள்ளே கூப்பிட்டேன். வேண்டாம் என்றாய், வயிறு நிறைந்துவிட்டது என்றாய். நான் விடவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட வைத்தேன். அந்தப் படியிலிருந்து எழுந்து நீ என்னிடம் வர வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. அதற்கு மேல் எந்த நியாயமும் இல்லை.

அப்புறம் நடந்ததை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு உன் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டே கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள். நீ தூங்கினாய். துண்டு முடிச்சு படியிலேயே கிடந்தது. அதை உள்ளே எடுத்துப் போய், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஒன்றை உரித்து வாயில் போட்டேன். வறுத்த கடலையும் பனங்கிழங்கும் கலந்தாற்போல் ஒரு ருசி, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு. இன்னொன்று. மிச்சமிருந்தது முழுவதையும் தின்றேன், ஒன்றுகூட வைக்கவில்லை. தோலைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே உனக்கு ஆனது எதனால் என்று அன்றைக்கே, அந்த மணிநேரத்திலேயே எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு நீ வாந்தியெடுக்க ஆரம்பித்தாய். நிற்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கண் செருகிவிட்டது. ஆட்டோவில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் இந்தப் பக்கத்து மனிதர். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். உன் அப்பாவும் சித்தப்பாவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் பேசினேன். ஏதோ காட்டுக் கிழங்கு கொடுத்துவிட்டார்கள், வேறு எதுவும் சாப்பிடவில்லை என்றேன். அவர் தமிழிலேயே, "கோரைக்கெழங்கு தின்னு யாரும் இப்படி ஆனதில்லியேம்மா. பால் ஐட்டம் எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் மறுபடியும் ஆங்கிலத்தில், இல்லவே இல்லை என்றேன். என் ஆங்கிலத்துக்கு முன்னால் அவர் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் எழுதிக்கொண்டார். குளுக்கோஸ் ஏறியது. நல்லவேளையாக நீ பிழைத்தாய். டாக்டரிடம் நான் பொய் சொல்லி வைத்தியம் பார்க்க வைத்த பிள்ளை நீ. குளுக்கோஸ் ஏறிய அந்த இரண்டு மணி நேரம் என் கர்வத்துக்காக உன் உயிரை வைத்து நான் விளையாடியிருக்கிறேன்.

கிளினிக் வாசலில், பத்துப் பேர் பார்க்க, உன் சித்தப்பாவிடம் சொன்னேன்: "உங்க பட்டிக்காட்டுப் பழக்கத்த உங்க வீட்டோட வெச்சுக்குங்க. இனிமே என் புள்ளைக்கு உங்க கையால எதையும் குடுக்காதீங்க."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாங்கல்லாம் தின்னு வளந்ததுதானே அண்ணி. எப்பிடி ஆச்சுன்னே தெரியலியே" என்றார். காலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் முன்னால் வீட்டுக்கு வந்து, உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கஸ்டர்டைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

உன் அப்பா அதற்கப்புறம் ஏரிக்குப் போகவில்லை. தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்துவிட்டு வருவார். ஒரே ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து, செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "அன்னிக்கு வேற எதுனா குடுத்தியா நீ?" என்று கேட்டார். "என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்றேன். அந்தக் குரலை நீ கேட்டிருக்கிறாய். அவர் மறுபடியும் கேட்கவில்லை. நம்பினாரா, நம்புவது என்று முடிவு செய்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார். சித்தப்பா வந்தார். வார்டு வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் காட்டி, "வெறுங்கையாத்தான் வந்தேன் அண்ணி. எதுவும் கொண்டாரல" என்றார். என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பொய் ஒரு தடவை என்னைத் தேடி வந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு கபேவுக்குத் தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போனார். ஏதோ பால் என்று ஒரு கிளாஸில் குளிர்ச்சியாகக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் சமையலறைத் தரை நினைவுக்கு வந்தது. என்ன இது என்று கேட்டேன். நடத்தும் பெண்மணி ஐரோப்பாவில் எங்கோ பிறந்தவள். ஒரு கோரைப்புல்லின் கிழங்கை ஊறவைத்து அரைத்த பால் என்றாள். எங்கள் ஊரில் கோடையில் குழந்தைகளுக்கு இதைத்தான் கொடுப்போம் என்று பெருமையாகச் சொன்னாள். அவள் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். நான் தலையாட்டினேன். மரியாதையாக முழு கிளாஸையும் குடித்தேன். அங்கிருந்து நேராக கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். வீட்டுக்கு வந்து டிவி பார்த்தேன்.

உன் பெண்ணிடம் நீ கதை சொல்லி முடித்த மறுநாள், திங்கட்கிழமை, கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். வெயில் கடுமை. சித்தப்பா கட்டிலில் படுத்திருந்தார். ஊசி போட்டுப் போட்டு இடது கை முழுவதும் புடைத்துக் கிடந்தது. கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். சித்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். கஸ்டர்ட், கரண்ட் போனது, எசென்ஸ், டாக்டர் கேட்டது, நான் சொன்னது, முடிச்சிலிருந்த மிச்சத்தை நான் தின்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் இல்லியா அண்ணி?" என்றார்.

"நீங்க இல்ல. நான்தான்."

"நீங்க தின்னீங்களா? நெசமாவா?"

"தின்னேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்றேன். அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், மகனே. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

மீதியைச் சித்தி சொன்னாள். நான் அவரை அவமானப்படுத்தியதால்தான் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர் என்னை நம்பியிருக்கிறார். அண்ணி படித்தவர்கள், டாக்டரிடமே இங்கிலீஷில் பேசுகிறவர்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். அண்ணன் பிள்ளையைத் தன் கையாலேயே கொல்லப் பார்த்துவிட்டோம் என்று முப்பது வருடத்துக்கு மேல் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு கிழங்கை அவர் தொடவில்லை. தன் இரண்டு பெண்களையும் வாயில் வைக்க விடவில்லை. ஏரியில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் தோண்டினால் விரட்டுவாராம். அந்த ஊரிலேயே இப்போது யாரும் தின்பதில்லையாம். கடலைக் கொல்லைகளில் களைக்கொல்லி அடித்து அழித்துவிட்டார்கள். ஏரிக்குள் மட்டும் மிச்சமிருக்கிறதாம். ஒரு பஞ்சத்தில் அவர்களைக் காப்பாற்றிய சாப்பாட்டை அவர்கள் வாயிலிருந்தே நான் பிடுங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியத்தால்.

சித்தி என்னோடு அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள். "இத சொல்றதுக்கு இத்தன வருஷம் ஆச்சாக்கா உங்களுக்கு? மாமா இருக்கச் சொல்ல சொல்லியிருந்தா அண்ணனும் தம்பியும் ஒரு வேளையாவது ஒண்ணா உக்காந்து தின்னிருப்பாங்களே" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கவில்லை. காபி கொடுத்தாள், நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்காமல் வெளியே போய் நின்றாள். அது சரிதான்.

கிளம்பும்போது சித்தப்பா கூப்பிட்டார். "நீங்க சொன்னது எனக்குப் போதல அண்ணி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "இன்னாதான் சொன்னாலும் உள்ள ஏற மாட்டேங்குது. அவன் வந்து என் எதிர்ல உக்காந்து ஒரு கை தின்னணும். எனக்குத் தர மாட்டாங்க, டாக்டர் கெழங்கே கூடாதுன்னுட்டாரு. அவன் தின்னறத நான் பாத்தா போதும்."

உன்னிடம் இதற்காகத்தான் எழுதுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதை நீ உன் சௌகரியப்படி பார்த்துக்கொள். அவருக்கு நாள் அதிகம் இல்லை. இனிமேல் டயாலிசிசுக்கு வர மாட்டேன் என்று ஒரு வாரமாக அடம்பிடிக்கிறாராம். போன தடவை சித்தி கெஞ்சித்தான் பஸ் ஏற்றியிருக்கிறாள். ஏரி இப்போது காய்ந்து கிடக்கிறது. நல்ல மழை ஒன்று விழுந்தால் புல் முளைத்துவிடும், அப்புறம் கிழங்கு சூம்பிப்போய்விடும். இந்தச் சனிக்கிழமை நீ கிளம்பினால் நேரம் இருக்கிறது. சித்தியின் பெரிய மருமகன் உன்னை ஏரிக்கு அழைத்துப் போவார். அவர் தோண்டட்டும் என்று நீ கரையில் நிற்காதே. நீயே தோண்டு. வறுப்பதற்குச் சித்தி மணல் தயாராக வைத்திருப்பாள்.

உன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ. அவள் கேட்டால் அவளுக்கும் கொடு. முதலில் உனக்குத் தயக்கமாக இருக்கும். இத்தனை வருடம் அந்தப் பயத்தை நான் உனக்குள் போட்டு வளர்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் உன் முகத்தில் தெரியக்கூடாது. அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உங்களோடு வரவில்லை. நான் அந்த அறையில் இருந்தால் அவர் என் சங்கடத்தைப் பார்த்து, பரவாயில்லை அண்ணி, பரவாயில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவரிடம் அதையும் நான் வாங்கக்கூடாது.

தின்று முடித்ததும் அவர் உன்னிடம் ஏதாவது கேட்பார். அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால், எனக்காக நீ வார்த்தை தேடாதே. அம்மா தெரியாமல் சொல்லிவிட்டாள் என்றோ, பயத்தில் சொல்லிவிட்டாள் என்றோ, அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றோ சொல்லாதே. உனக்கு அப்படிச் சொல்லத் தோன்றும். நீ உன் அப்பாவின் பிள்ளை. அம்மா பொய் சொன்னாள் என்று சொல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் பெண்ணுக்கும் கேட்கும்படி, தமிழில் சொல்.

அம்மா